தயிர்ச்சோறு வைத்த கோணிகள்

தார்ப்பாயின் கயிற்றை என்னால் அவிழ்க்க முடியவில்லை. லாரிக்காரர்கள் போடும் முடிச்சு அது, இழுக்க இழுக்க இறுகும். அஞ்சலை அக்கா என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டு, முந்தானையில் குத்தி வைத்திருந்த கோணி ஊசியை எடுத்து முடிச்சுக்குள் நுழைத்து நெம்பினாள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலை. கரும்புக் கொல்லைகள் தொடங்கும் இடத்தில் ஒரு புளியமரம் சாலைக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று. வெட்டுப்பட்ட இடத்திலிருந்து ஈர மர வாசனை வந்துகொண்டிருந்தது. மரத்துக்கு இந்தப் பக்கம் அந்த லாரி நின்றது. முன்கண்ணாடி நொறுங்கியிருந்தது. டிரைவரைக் காணோம்.

புரட்டாசி வெயில். காலைதான், அதற்குள் தார்ப்பாயில் கை வைக்க முடியவில்லை.

"சத்தமே இல்லியே டாக்டரம்மா. தூங்குதுங்களோ?" என்றாள் அஞ்சலை அக்கா.

மாட்டு டாக்டர் வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது என்றாலும், கத்திக்கொண்டிருந்த விலங்கு கத்தாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

முடிச்சு அவிழ்ந்தது. தார்ப்பாயைத் தூக்கியதும் முதலில் முகத்தில் அடித்தது புளித்த தயிரின் வாசனை.

மல்லாட்டை மண்டி

அந்த லாரிக்கு நாங்கள் ஏன் போனோம் என்று சொல்ல வேண்டுமானால் மண்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

கள்ளக்குறிச்சியில் எனக்குக் கொடுத்த கால்நடை மருந்தகம் ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். பின்சுவரை ஒட்டி வரதப்பனின் மண்டி. வேர்க்கடலையை அந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து மல்லாட்டை மூட்டை வண்டி வண்டியாக வந்து இறங்கும். மூட்டைகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி அட்டி போட்டிருப்பார்கள். மல்லாட்டை இருந்தால் எலி இருக்கும். எலிக்காக யாரோ எப்போதோ ஒரு பூனையைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

ஒரு பூனை எத்தனை பூனையாகும் என்று நான் கணக்குப் போட்டுக் காட்ட மாட்டேன். நான் போனபோது அட்டிக்கு மேலே, அட்டிக்குக் கீழே, தராசுத் தட்டில், முதலாளி உட்காரும் மெத்தையில், எங்கு பார்த்தாலும் பூனை. கோணிகளில் மூத்திர நாற்றம். எள் வாங்க வந்த வியாபாரி மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனான். கூலிக்கு வந்த ஒருத்தியின் கைக்குழந்தையை ஒரு பூனை கன்னத்தில் கீறிவிட்டது. அந்தப் பூனைகளும் சுகமாக இல்லை. கண்ணில் பீளை, உடம்பில் சொறி, மழைக்காலம் வந்தால் குட்டிகள் கொத்தாகச் செத்துக் கிடக்கும்.

அஞ்சலை அக்கா அங்கே மல்லாட்டை சலிப்பவள், மூட்டை தைப்பவள். நாற்பது வயது இருக்கும். கணவன் இல்லை, நிலம் இல்லை. ஊருக்கு வெளியே இருந்த குடிசைகளில் ஒன்றில் இருந்தாள். அவள் பூனைகளுக்குச் சோறெல்லாம் போட மாட்டாள், அவளுக்கே பல நாள் கஞ்சிதான். ஆனால் அவள் "பூசூ... பூசூ..." என்று ஒரு இழுப்பு இழுத்தால் அட்டியின் உச்சியில் இருப்பதுகூட இறங்கி வந்து அவள் மடியில் தலையைத் தேய்க்கும். வேறு யார் கூப்பிட்டாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. நான் பொறாமையில் நாலு நாள் கருவாட்டுத் தலையோடு நின்று பார்த்தேன். கருவாடு போனது, பூனை வரவில்லை.

பிள்ளைத்தாச்சி இருக்கும் வீடு

பக்கத்துக் கடைக்காரன் ஒருவன் ஒருநாள் விஷம் வைத்துவிட்டான். விஷம் வைத்தால் எப்படிச் சாகும் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களுக்கு இன்று சாப்பாடு இறங்காது. அதில் ஒன்று இழுத்துக்கொண்டே போய் வரதப்பன் வீட்டுப் புழக்கடையில், துணி உலர்த்திக்கொண்டிருந்த அவர் மகள் வசந்தாவின் காலடியில் விழுந்து செத்தது.

வசந்தா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள்.

வீட்டில் பிள்ளைத்தாச்சி இருந்தால் உயிர்க்கொலை கூடாது என்பது அந்தப் பக்கத்தில் பெரிய கட்டுப்பாடு. பாம்பு வந்தால்கூட அடிக்க மாட்டார்கள், வழிவிட்டு நிற்பார்கள். வரதப்பன் அதில் ஒரு படி மேலே. நெற்றி நிறைய நாமம், புரட்டாசியில் ஒருவேளைச் சாப்பாடு, கொசுவை அடித்தால்கூட முகம் சுளிப்பார். நல்ல மனுஷர். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. இந்தத் தொடரில் இதுவரை வந்தவர்களில் யாரையாவது நல்ல மனுஷர் என்று நான் சொல்லியிருக்கிறேனா பாருங்கள்.

அன்று அவர் தெருவில் நின்று போட்ட சத்தம் எங்கள் மருந்தகம் வரை கேட்டது.

"என் பொண்ணு வவுத்துல புள்ளைய வச்சிகினு வந்து நிக்கறா. எவன்டா இங்க உயிரக் கொல்றவன்? வாடா வெளிய!"

விஷம் வைத்தவன் வரவில்லை. வரதப்பன் என்னிடம் வந்தார்.

"டாக்டரம்மா, கொல்லவும் கூடாது, பெருகவும் கூடாது. இதுக்கு உங்க படிப்புல ஒரு வழி இல்லீங்களா?"

இருந்தது. பிடித்து, மயக்க ஊசி போட்டு, கருத்தடை அறுவை செய்து, புண் ஆறியதும் பிடித்த இடத்திலேயே திரும்ப விட்டுவிடுவது. வேறு இடத்தில் விடக் கூடாது. இருக்கிற பூனைகளை அப்புறப்படுத்தினால் காலி இடத்துக்கு அடுத்த தெருப் பூனைகள் வந்து முதலிலிருந்து குட்டி போடத் தொடங்கும். அறுவை செய்தவை இருந்தால் அவை தங்கள் இடத்தைக் காத்துக்கொண்டு, எலியையும் பிடித்துக்கொண்டு, சண்டையும் கூச்சலும் குறைந்து, வயதாகித் தானே குறையும்.

"அப்ப சரி. பண்ணுங்க," என்றார்.

பூனைக்கு வாளி உண்டா?

ஊர் சிரித்தது. அந்தக் காலத்தில் குடும்பக் கட்டுப்பாடு முகாமுக்கு வருகிறவர்களுக்கு பிளாஸ்டிக் வாளி கொடுப்பார்கள். மருந்தகத்துக்கு மாடு ஓட்டி வந்தவர்கள் எல்லாம் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "டாக்டரம்மா, பூனைக்கும் வாளி உண்டுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் தன் மாமியாரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள முடியுமா என்றார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்றாலும் அந்த நாட்களில் நானும் சிரித்தேன்.

பிடித்துக் கொடுத்தது முழுக்க அஞ்சலை அக்கா. முதல்நாள் அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"கூப்ட்டா வரும்மா. என்னய நம்பித்தான் வரும். நீங்க அறுத்துட்டு திரும்ப இங்கியே வுட்டுடுவீங்க இல்ல?"

"இங்கேயேதான் விடுவோம் அக்கா."

"அப்ப கூப்பிடறேன்."

அவள் கூப்பிடுவாள். மடிக்கு வந்ததும் கோழிக் கூடைக்குள் இறக்கி என் மேசைக்குக் கொண்டுவருவாள். மயக்கத்தில் இருக்கும்போதே இடது காது நுனியில் ஒரு சின்ன வெட்டு வெட்டிவிடுவேன், அறுவை ஆனது எது, ஆகாதது எது என்று தூரத்திலிருந்தே தெரிய. புண் ஆறும் வரை கூடையில் வைத்திருந்து மண்டியில் விடுவோம். விட்டதும் அவை முதல் வேலையாக அஞ்சலை அக்காவிடம்தான் ஓடும். "வலிச்சிதாடி?" என்று அவள் கேட்பாள். இரண்டு மாதத்தில் கூச்சல் குறைந்தது. அந்த மழைக்குச் செத்த குட்டி என்று ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. ஒரு டாக்டருக்கு இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்? நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன்.

அப்புறம் ஒரு சாம்பல் நிறப் பூனை வந்தது. மேசையில் கிடத்தி வயிற்றைத் தொட்டால் உள்ளே குட்டிகள். அதை நான் அறுக்கவில்லை. அப்படியே கூடையில் வைத்துத் திருப்பி அனுப்பினேன். ஆனால் மண்டியில் பேச்சு வேறு மாதிரி கிளம்பிவிட்டது. டாக்டரம்மா பூனை வயிற்றிலிருந்த குட்டிகளை எடுத்து பக்கெட்டில் போட்டாளாம், அவை கண் திறந்து பார்த்தனவாம். பூனைக்குட்டி பிறந்த பிறகே பல நாள் கண் திறக்காது. யாரிடம் போய்ச் சொல்ல?

பேச்சு வரதப்பன் வீட்டுக்குள் போனது. அவர் மனைவி மகளின் வயிற்றில் கை வைத்துக்கொண்டு அழுதாராம்.

மறுநாள் வரதப்பன் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நிறுத்திடுங்கம்மா. கொல்றதாச்சும் ஒரு பாவம். கருவறுக்கிறது ஏழு தலைமுறைக்குங்க. எம் பொண்ணு நல்லபடியா பெத்து எழுந்திரிக்கணும்."

நான் குட்டிகளைத் தொடவில்லை என்று சொன்னேன். சாம்பல் பூனையையே கொண்டுவந்து காட்டினேன், வயிறு அப்படியேதான் இருந்தது. அவர் அதைப் பார்த்துக் கும்பிட்டார், ஆனால் முகம் தெளியவில்லை.

"இதுங்க எல்லாத்தியும் மலையில வுட்டுட்டா இன்னாங்க? கல்வராயன் மலையில எலிக்கா பஞ்சம்? நடுவுல கோமுகி ஆறு இருக்குது, ஆத்தத் தாண்டிட்டா பூனை திரும்பி வராது. சொந்தமா பொழைச்சிக்கும்."

மலையில் என்ன நடக்கும்

போன வாரம் கோமாரி ஊசி போட மலைக்குப் போன கதையை எழுதியிருந்தேன். ஒன்றை விட்டுவிட்டேன். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் சாமைக் கொல்லை ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது ஒரு பூனை எங்களுக்குக் குறுக்கே போனது. பின்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு போனது. பொறியில் சிக்கித் தப்பியது. விலா எலும்பெல்லாம் தெரிந்தது.

என்னோடு வந்த மலைக்காரப் பெண்மணி அதைப் பார்த்துக் காறித் துப்பினாள். பூனையைப் பார்த்துத் துப்பவில்லை, எங்கள் ஊர்ப் பக்கமாகத் திரும்பித் துப்பினாள்.

"கீழ் நாட்டுக்காரங்க கோணியில கட்டிக்கிட்டு வந்து ரோட்டு ஓரமா அவுத்து வுட்டுட்டுப் போறாங்க. அதுக்கு வேட்டை தெரியாது. பசிக்கி எங்க கோழிக் குஞ்சத் தின்னுது. நாங்க பொறி வைக்க வேண்டியதாப் போவுது. கொல்ற வேலைய எங்க தலையில கட்டிட்டு உங்காளுங்க புண்ணியம் தேடிக்கிறாங்க."

இதை அப்படியே வரதப்பனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"யோசிக்கறேம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். வரதப்பன் யோசிக்கிறேன் என்றால் யோசிப்பார் என்றுதான் நினைத்தேன்.

மறியல்

அந்த வாரம் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. வட மாவட்டங்கள் முழுக்க. அந்த வருஷங்களில் இங்கே இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாலையில் நிழல் கொடுத்த மரமெல்லாம் ஒரே இரவில் சாய்ந்தது. பஸ் இல்லை, பால் இல்லை, பேப்பர் இல்லை. போலீஸ் வேன் மட்டும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. தூரத்தில் எங்காவது புகை தெரியும், யார் வீடு என்று தெரியாது.

கேட்டவர்கள் பக்கம் நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வானம் பார்த்த கொல்லையில் மல்லாட்டை போட்டு மகனைப் படிக்க வைத்து, படித்த மகன் வேலையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்த வாரம் எரிந்ததெல்லாம் கூரை வீடுகள். அவற்றில் இருந்தவர்களும் கூலிக்காரர்கள்தான். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மறியல் தொடங்கி இரண்டாம் நாள் காலை அஞ்சலை அக்கா மருந்தகத்துக்கு வந்தாள். சாலையில் வர பயந்து வயல் வரப்பு வழியாக வந்திருந்தாள், கால் முழுக்கச் சேறு.

"ஊசி போட்டாச்சுங்களா? மண்டியில தொறந்து வுட எப்ப வரணும்?"

"என்ன ஊசி?"

"நீங்க சொன்னீங்கன்னு மொதலாளி சொன்னாரே. எல்லா பூனைக்கும் இன்னொரு ஊசி போடணும், எல்லாத்தியும் கூப்ட்டு கோணியில போட்டுக் குடுன்னு. முந்தாநேத்து சாயங்காலம் நான்தானே கூப்ட்டேன். சோறு போட்டு, வாயத் தச்சி, நீங்க எடுத்துக்குவீங்கன்னு வாசல்ல வச்சிட்டுப் போனேன்."

நான் மண்டிக்குள் ஓடினேன். அட்டியின் மேல் ஒரு பூனை இல்லை.

வரதப்பன் மறைக்கவில்லை. மறியல் தொடங்கினால் வண்டி ஓடாது, மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது, அதனால் மலையடிவாரத்துக்குக் காலியாகத் திரும்பிய லாரியில் விடிந்ததும் ஏற்றி அனுப்பிவிட்டேன் என்றார். அஞ்சலையிடம் உண்மையைச் சொன்னால் கூப்பிட மாட்டாள், அதனால் நல்லதுக்கு ஒரு பொய் சொன்னேன் என்றார்.

"நானே கையால தயிர்ச்சோறு பெசஞ்சி ஒவ்வொரு கோணியிலியும் வாழ இலையில வச்சேன்மா. வழியில பசிக்கக் கூடாதுன்னு."

லாரி ஊர் எல்லையைத் தாண்டியதா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. சாலையில் நின்ற போலீஸ்காரர் ஒருவர்தான் சொன்னார், கரும்புக் கொல்லை கிட்டே ஒரு லாரி நேற்றுக் காலையிலிருந்து நிற்கிறது என்று.

நேற்றுக் காலையிலிருந்து. நாங்கள் நடக்க ஆரம்பித்தோம்.

கோணிக்குள்

பூனையை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்ட எந்த டிரைவருக்கும் மனசு வராது. சகுனம். கண்ணில் படக் கூடாது, காதில் விழக் கூடாது என்று கோணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அதன்மேல் தார்ப்பாயை இரண்டாக மடித்து இறுக்கிக் கட்டியிருந்தான். மரம் குறுக்கே விழுந்து கல் பறக்க ஆரம்பித்ததும் வண்டியை விட்டுவிட்டு ஓடியிருக்கிறான். அப்போதிலிருந்து அவை அதற்குள்ளேயே கிடந்தன. ஒரு பகல் முழுக்க வெயிலில்.

அஞ்சலை அக்கா மேலே ஏறி, முதல் கோணியின் தையலைப் பிரித்தாள். அவள் போட்ட தையல். மல்லாட்டை சிந்தாமல் இருக்க மூட்டைக்குப் போடுவது போலவே நெருக்கமாகப் போட்டிருந்தாள்.

உள்ளே கை விட்டவள் கையை எடுக்கவில்லை. முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

ஒவ்வொன்றாக வெளியே எடுத்துச் சாலையோரம் கிடத்தினோம். எல்லாம் இடது காது வெட்டுப்பட்டவை. என் தையல் எல்லாம் அழகாக ஆறியிருந்தது. மூக்கிலும் வாயிலும் நுரை காய்ந்திருந்தது. நகங்கள் கோணி நாரில் சிக்கிப் பிய்ந்திருந்தன. தயிர்ச்சோறு அவற்றின் உடம்பெல்லாம் அப்பியிருந்தது. இலையில் வைத்தது வைத்தபடி ஒரு கோணியில் அப்படியே இருந்தது.

நான் அழுதேன். டாக்டர் அழக் கூடாது என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அஞ்சலை அக்கா அழவில்லை.

கடைசிக் கோணி, லாரியின் பக்கப் பலகை ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. பலகையில் ஒரு இடைவெளி இருந்ததால் அதற்குக் கொஞ்சம் காற்று போயிருக்க வேண்டும். அதன் தையலைப் பிரிக்கும்போதே உள்ளே அசைந்தது. சாம்பல் பூனை. நான் அறுக்காமல் விட்டது. தள்ளாடிக்கொண்டே வெளியே வந்து லாரியிலிருந்து தரையில் விழுந்தது.

"பூசூ... பூசூ..." என்றாள் அஞ்சலை அக்கா.

அது திரும்பி அவளைப் பார்த்தது. காதைப் பின்னால் மடித்துக்கொண்டது. பிறகு வயிறு தரையில் உரச, இருந்த உயிரையெல்லாம் கூட்டிக்கொண்டு கரும்புக்குள் ஓடிவிட்டது. அவள் மறுபடியும் கூப்பிட்டாள். கரும்புத் தோகை அசைவது இன்னும் தூரமாகப் போனது.

விழுந்த மரத்துக்குப் பின்னாலிருந்து தலைப்பாகை கட்டிய ஒரு ஆள் வந்தார். கையில் கோடாலி. "யாரும்மா நீங்க? போலீசு ஆளா?" என்று அதட்டினார். கிட்டே வந்ததும் என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. அவர் எருமைக்குக் கன்று மாட்டிக்கொண்டபோது நான் போயிருக்கிறேன்.

கிடத்தியிருந்ததைப் பார்த்துவிட்டுக் கோடாலியைக் கீழே வைத்தார்.

"நேத்து முச்சூடும் கத்திகினு இருந்துச்சிங்கம்மா. கொழந்த அழற மாதிரி. இன்னான்னு பாக்கலாம்னு நாலு பேரு வந்தோம். அதுக்குள்ள போலீசு வேன் வந்துடுச்சி, தடியால அடிச்சி தொரத்துனாங்க. திரும்பி வந்தப்ப சத்தம் இல்ல."

அவரே போய் மண்வெட்டி கொண்டுவந்து, சாலையோரம் குழி வெட்டிக் கொடுத்தார். மண் தள்ளி முடித்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எங்களாலதான்னு சொல்லிடாதீங்கம்மா. மறியலுக்குக் கெட்ட பேராப் போயிடும்."

போலீஸ்காரரும் அதையேதான் சொன்னார், வேறு வார்த்தையில். டிரைவர் பின்னால் போலீஸில் பிடிபட்டபோது, சகுனத்துக்குப் பயந்தேன், சாவடிக்கணும்னு இல்லை என்று சொன்னானாம். விசாரித்துப் பார்த்தால் யாரும் கொல்லவில்லை.

நல்லா இருக்குதுங்களா?

அன்று மாலையே நேராக வரதப்பன் வீட்டுக்குப் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கக் கிளம்பினேன். தெருமுனையில் அஞ்சலை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வசந்தாவுக்கு வலி எடுத்துவிட்டது, உள்ளே மருத்துவச்சி போயிருக்கிறாள் என்றாள்.

"வேணாம்மா. இந்த நேரத்துல அந்தப் பொண்ணு காதுல வுழுந்தா இன்னாத்துக்கு ஆவும்? அது இன்னா பண்ணுச்சி?"

உள்ளேயிருந்து வசந்தாவின் அலறல் கேட்டது. நான் திரும்பிவிட்டேன். பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது.

சாலை திறந்து, பஸ் ஓடி, வெட்டிய மரங்களை ஏலம் போட்டு முடித்த பிறகு ஒருநாள் வரதப்பன் என்னை மண்டிக்குக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வீட்டுப் பசுவுக்கு மடி வீங்கியிருந்தது. பார்த்துவிட்டு வந்தேன். மண்டியில் எனக்கும் வேலையாட்களுக்கும் கற்கண்டு கொடுத்தார். முகமெல்லாம் சிரிப்பு. டிரைவர் அவரிடம் மட்டும், எல்லாவற்றையும் மலையில் விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கிறான்.

"உங்களுக்குக் கோவம் இருக்கும், தெரியும்மா. ஆனா பாத்தீங்களா, ஒரு உசுரும் போவல, எம் பொண்ணும் ரெண்டு உசுரா பொழச்சி வந்துட்டா. பூனைங்க மலையில நல்லா இருக்குதுங்களாம். ஆமாவா இல்லியாடி அஞ்சல?"

நான் வாயைத் திறந்தேன். அஞ்சலை அக்கா சலித்துக்கொண்டிருந்த சல்லடையை நிறுத்தாமல் முந்திக்கொண்டாள்.

"நல்லா இருக்குதுங்க மொதலாளி."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குப் புரிந்தது. பச்சை உடம்புக்காரி இருக்கும் வீடு. எனக்குத்தான் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

வரதப்பன் இன்னும் உற்சாகமாகிவிட்டார். அட்டியின் மேலே கை காட்டினார். நான் எதிர்பார்த்ததுதான். அரிசி மில் பக்கத்திலிருந்து புதிதாக நாலைந்து வந்து குடியேறியிருந்தன. எதன் காதிலும் வெட்டில்லை. ஒன்று வயிறும் பிள்ளையுமாக இருந்தது.

"இதுங்களையும் அனுப்பிடலாம். நாளைக்கி லாரி வருது. நானே சோறு பெசஞ்சிடறேன். நீ கூப்ட்டுக் குடுத்துடு."

சல்லடை நின்றது.

அஞ்சலை அக்கா எழுந்தாள். உள்ளங்கையிலிருந்த கற்கண்டைத் தராசுத் தட்டில் வைத்தாள். அவள் முதலாளி முன்னால் நிமிர்ந்து நின்று நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"செத்துட்டுதுங்க மொதலாளி. லாரியிலியே. வெயில்ல அவிஞ்சி செத்துதுங்க. ஒங்க தயிர்சோறு ஒடம்பெல்லாம் அப்பிக்கினு இருந்துது. ஒண்ணே ஒண்ணுதான் பொழச்சுது."

வரதப்பன் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் அப்படியே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த கற்கண்டுப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார்.

"நான் கொல்லணும்னு நெனைக்கலியே," என்றார்.

"நீங்க கொல்லல மொதலாளி. நீங்க கூப்ட்டா வந்திருக்குமா?"

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பிறகு துண்டுக்குள்ளிருந்தே என்னிடம் சொன்னார். "இதுங்களுக்கு நீங்களே பண்ணுங்கம்மா. உங்க முறையிலியே பண்ணுங்க. நான் குறுக்க வர மாட்டேன்."

அதற்காகத்தான் நான் எவ்வளவோ பேசியிருந்தேன். இப்போது கிடைத்துவிட்டது. அஞ்சலை அக்காவைப் பார்த்தேன்.

"கூடையைக் கொண்டு வரட்டுமா அக்கா? அறுத்துட்டு இங்கேயேதான் விடுவேன்."

"தெரியும்மா. நீங்க அறுக்கறது நல்லதுக்குத்தான். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல." முந்தானையில் குத்தியிருந்த கோணி ஊசியைப் பிடுங்கி மூட்டையில் செருகினாள். "ஆனா நான் கூப்ட மாட்டேன். அன்னிக்கி அந்த ஒண்ணு என் கொரலக் கேட்டுத்தானே ஓடுச்சி."

மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை. கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டப் போய்விட்டாள் என்றார்கள். நானும் வரதப்பனும் கூடையைத் திறந்து வைத்துக்கொண்டு பல நாள் அட்டிக்குக் கீழே நின்றோம். அவர் தன் ஆசாரத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கையில் கருவாடு வைத்துக்கொண்டு கூப்பிட்டார். மேலேயிருந்து அவை எங்களைப் பார்த்தன. ஒன்றும் இறங்கி வரவில்லை.